கோழி போய் நாய் வந்த துப்பாக்கி

மாத்திரை அட்டையின் முதுகில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கக் கையை நீட்டி, இன்னும் கொஞ்சம் நீட்டி, அப்படியும் தெரியாமல், "எழுத்தை எறும்புக்கா போட்டிருக்கிறான்" என்று மருந்துக் கம்பெனிக்காரனைத் திட்டும் வயதுக்கு வந்துவிட்ட கூட்டாளிகளே, இது உங்களுக்கு. இளசுகள் படித்தால் படிக்கட்டும். அவர்களுக்கும் கை நீளும் காலம் வரும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் பயந்த பிறவி. ரோட்டில் போகிற லாரியின் டயர் வெடித்தால், டிரைவர் இறங்கிப் பார்ப்பதற்குள் நான் வேட்டியைப் பிடித்துக்கொண்டு அடுத்த தெருவில் இருப்பேன். ரயில் ஏறப் போனால் என் மனைவி என்னோடு வராமல் தனியாக வருகிறாள். ரயில் வருவதற்கு வெகுநேரம் முன்பே, அது போய்விட்டதோ என்று நான் முழிக்க ஆரம்பித்துவிடுவேனாம். ஆகையால் இதில் வீரனைத் தேடாதீர்கள். ஒரு துப்பாக்கி, ஒரு கோழி, ஒரு நாய், நடுவில் வயிறு கலங்கி ஓடிய ஒரு பையன். அவ்வளவுதான் சரக்கு.

அறுபதுகளின் ஆரம்பம். எங்கள் நிலம் ஒலக்கூருக்குப் பக்கத்தில், முள்ளுக்காட்டை ஒட்டினாற்போல் இருந்தது. கிணற்றுப் பாசனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுவோம். காய் முற்றுகிற நேரம் காட்டுப்பன்றிகளுக்கு எப்படித்தான் தெரியுமோ, குடும்பத்தோடு வந்து கொல்லையை உழுதுவிட்டுப் போகும். அதற்காக அப்பாவிடம் லைசென்ஸோடு ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. தாத்தா யாரோ ஒரு துரையிடம் வாங்கியது. குழலின் மேல் ஆங்கிலத்தில் பர்மிங்காம் என்று வெட்டியிருக்கும். அந்த ஊர் செஞ்சிக்கு அந்தப் பக்கம் எங்கோ இருக்கிறது என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அதைக் கழற்றினால் மூன்று துண்டு. இரண்டு குழலும் ஒட்டிய இரும்பு ஒன்று. தோளில் வைக்கும் பின்கட்டை ஒன்று. விசையும், தோட்டாவை அடிக்கிற குதிரைகளும் அதோடு சேர்ந்தவை. மூன்றாவது முன்கட்டை. குழலுக்கு அடியில் பொருத்துகிற சாண் நீள மரத்துண்டு அது. அதை வைத்து அழுத்தினால் 'டக்' என்று உட்கார்ந்து, மற்ற இரண்டையும் பிரிய விடாமல் பிடித்துக்கொள்ளும். சுடும்போது இடது கை அந்தக் கட்டையைத்தான் தாங்கியிருக்கும். இந்த இடது கையைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள்.

துப்பாக்கியைத் துடைப்பது என் வேலை. வெடித்த மருந்தின் வாசனை, தீபாவளிக்கு மறுநாள் காலையில் தெருவில் கிடக்குமே, அதே வாசனை. மண்ணெண்ணெய்த் துணியைக் கம்பியில் சுற்றிக் குழலுக்குள் விட்டு இழுப்பேன். பிறகு வானத்தைப் பார்த்துப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்ப்பேன். குளத்தில் கல் விழுந்த மாதிரி வெளிச்ச வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, ஒரு மாசு இல்லாமல் கடைசிவரை போகும்.

குதிரைக்குக் கீழே இருந்த இரும்புத் தகட்டில் ஒரு பறவை செதுக்கியிருந்தது. நீள வாலும் சின்னத் தலையுமாக. அந்த ஊரில் அதற்கு என்ன பெயரோ, எனக்கு அது கோழி. எண்ணெய்த் துணியால் அதன் முதுகைத் தடவிக் கொடுத்துத்தான் வேலையை முடிப்பேன். முடித்ததும் குழலை அதன் அடிக்கொக்கியால் சுவர் ஆணியில் தொங்கவிட்டு, கரண்டிக் காம்பால் ஒரு தட்டு. 'டிங்ங்ங்' என்று கோயில் மணி மாதிரி நீளமாக இழுக்கும். கொல்லையிலிருக்கும் அப்பா அதைக் கேட்டு, துடைத்தாயிற்று என்று தெரிந்துகொள்வார். அம்மாவுக்குத்தான் பிடிக்காது. "சாமி இல்லாத வீட்டுல மணி எதுக்குடா" என்பாள், பூஜை மாடத்துக்கு எதிரில் நின்றுகொண்டே.

அப்பாவின் கண்ணைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஏரிக்கரையில் மேய்கிற மாடு யார் வீட்டு மாடு என்று வாசலில் நின்றே சொல்லிவிடுவார். ஆனால் பேப்பர் வந்தால், "படி, உன் படிப்பு எப்படிப் போவுதுன்னு பாக்கறேன்" என்று என்னிடம் கொடுப்பார். கடிதம் வந்தாலும் படி. உர மூட்டையில் எழுதியிருப்பதையும் படி. என் படிப்பின் மேல் இவ்வளவு அக்கறையுள்ள தகப்பன் ஊரில் வேறு யாருக்கும் இல்லை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். அக்கறை எதன் மேல் என்று, என் கையும் நீள ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது.

அந்த வருஷம் தேர்தல் வந்தது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லாரும் துப்பாக்கியைப் போலீசில் ஒப்படைக்க வேண்டும். முடிந்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளலாம். இதில் எங்கள் பக்கத்துக் குடியானவர்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. முன்கட்டையை மட்டும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, மீதியைச் சணலால் கட்டிக் கொடுத்துவிடுவார்கள். ஸ்டேஷனில் யாராவது ஏரிக்குக் கொக்கு சுடத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களாம். முன்கட்டை இல்லாவிட்டால் துப்பாக்கி கையில் நிற்காதே. அப்படி யாரும் எந்தக் கொக்கையும் சுட்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனாலும் ஒவ்வொருவரும் இந்த யோசனை தனக்கு மட்டும்தான் தோன்றியது என்று நினைத்துக்கொண்டு கமுக்கமாகச் செய்தார்கள். எங்கள் முன்கட்டை கேப்பைக் குதிருக்குள் புதைந்தது.

திண்டிவனத்தில் அப்பா ஒப்படைத்ததை மற்றத் துப்பாக்கிகளோடு விழுப்புரத்துக்கு ஏற்றிவிட்டார்கள். தேர்தல் முடிந்ததும் அப்பா ஒலக்கூரில் பாசஞ்சர் ஏறி, விழுப்புரம் போய், கோணிப்பையில் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஏட்டு லைசென்ஸில் இருந்த நம்பரைச் சத்தமாகப் படித்தாராம், துப்பாக்கியைத் திறந்து அதில் இருந்த நம்பரையும் படித்தாராம். இரண்டும் ஒன்று. அப்பா கையெழுத்துப் போட்டார். "ஜல்தியா முடிஞ்சிடுச்சு" என்றார்.

நான் கோணியைப் பிரித்தேன். கோழியைக் காணோம். கோழி இருந்த இடத்தில் ஒரு நாய் காதைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றது.

தகட்டைத் துணியால் தேய்த்துப் பார்த்தேன். நாய்தான். குழலைக் கழற்றி வானத்தைப் பார்த்தேன். வலது குழல் பரவாயில்லை. இடது குழலில் அம்மை போட்ட முகம் மாதிரி புள்ளிகள். நடுவே ஓரிடத்தில் வெளிச்ச வளையம் அறுந்து, கறுப்பாக ஒரு நிழல் மோதிரம் மாதிரி சுற்றி நின்றது. வெளிப்பக்கம் அதே இடத்தில் விரலை ஓட்டினால், பாம்பு எலியை விழுங்கிவிட்டுப் படுத்திருக்கிற மாதிரி மெல்லிய ஒரு மேடு.

அம்மாவிடம் ஓடினேன். அவள் வந்து பார்த்தாள். நாயைப் பார்த்ததும் அவள் முகமும் ஒரு மாதிரி ஆயிற்று. ஆனால் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள்: "நாயோ நரியோ, நம்பர் சரியா இருக்குதுன்னு குடுத்திருக்காங்க. நீ போய் அவருகிட்ட இது தெரியலயா அது தெரியலயான்னு கேட்டு வெக்காத. கண்ணப் பத்திப் பேசுனா அன்னைக்குப் பூரா சோறு திங்க மாட்டாரு."

நான் கண்ணைப் பற்றிப் பேசவில்லை. நாயைப் பற்றிப் பேசினேன். அப்பா வாங்கி, கையை நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்துப் பார்த்தார்.

"எப்பவும் இதான்டா இருந்துச்சு."

"கோழிதான்பா இருந்துச்சு."

"கோழிய நாயின்னு சொல்றியா, நாயக் கோழின்னு சொல்றியா? வெள்ளக்காரன் வெட்டுனது, உனக்கு இன்னா தெரியும்?"

பிறகு முன்கட்டையைக் குதிரிலிருந்து எடுத்து, ஒட்டியிருந்த கேப்பையை ஊதிவிட்டுப் பொருத்தினார். அது உட்காரவில்லை. உள்ளங்கையால் தட்டினார். பாதி போய் நின்றது. "பனியில கட்ட ஊதிப்போச்சு" என்றார். குதிருக்குள் ஏது பனி என்று கேட்க என் நாக்கு எழும்பியது. அம்மா சமையலறையிலிருந்து பார்த்த பார்வையில் படுத்துவிட்டது. அப்பா உடைந்த கண்ணாடிச் சில் ஒன்றை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, கட்டையைச் சீவ ஆரம்பித்தார். ஒரு சீவல், பொருத்திப் பார்ப்பது, இன்னொரு சீவல். தாத்தா காலத்துத் தேக்கு நிறத் தோல் சுருள் சுருளாக விழுந்தது. வேறு யாருக்கோ தைத்த சட்டையைப் போட்டுக்கொள்வதற்காக ஒரு மனிதன் தன் தோளைச் சீவிக்கொள்வதைப் பார்ப்பது போல் இருந்தது எனக்கு. அவர் சீவி முடித்துப் பொருத்தியபோது, கட்டை 'டக்' என்று உட்கார்ந்தது. "பாத்தியா" என்றார்.

அந்த வாரம் அம்மாவோடு திண்டிவனம் சந்தைக்குப் போனேன். அங்கே தர்பூசணி விற்கிறவர் ஒருவர். வலது கையால் பழத்தை வெட்டுவார். இடது கையில் கட்டைவிரலும் அதை ஒட்டிக் கொஞ்சம் சதையும்தான் மிச்சம், அதை வைத்துப் பழத்தை அணைத்துக்கொள்வார். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு என்னால் கண்ணை எடுக்க முடியவில்லை.

"இன்னா தம்பி, பழத்தப் பாக்கறியா, கையப் பாக்கறியா?" என்றார்.

எப்படி ஆனது என்று கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பன்றி சுடப் போனாராம். குழல் வெடித்துவிட்டது. "சத்தம்தான் முதல்ல கேட்டுச்சு. பன்னி உழுந்திடுச்சுன்னு சந்தோசமாக் கையத் தூக்கறேன், கையக் காணோம்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, ஒரு கீற்றை வெட்டி என்னிடம் நீட்டினார். அந்தச் சிவப்பைப் பார்த்ததும் அம்மாவின் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். அம்மா வெயில் என்று நினைத்தாள்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் முறத்தில் தோட்டாக்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. நமுத்துப்போயிருக்கும் என்று அப்பா பரப்பி வைத்திருந்தார். சிவப்பு அட்டைக்குப் பித்தளைத் தொப்பி போட்டு, வடகம் காய்வது போல வரிசையாக. அவை காய்ந்ததும் சுடுவார். காய வேண்டாம் என்று நான் வானத்தைப் பார்த்தேன். பங்குனி வெயில். ஒரு மேகம் இல்லை. ஊர்ப் பிள்ளையாருக்குத் தேங்காய் வேண்டிக்கொண்டேன். அது போதாது என்று தோன்றி, மேற்குத் தெரு மாதா கோயிலுக்கு மெழுகுவத்தி வேண்டிக்கொண்டேன். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு என்னைக் கைவிட்டால் என்ன செய்வது என்று பயந்து, திருவிழா நாடகத்தில் பார்த்த எமனையே நேரில் வேண்டிக்கொண்டேன். என் பயத்துக்குச் சாதி மதம் கிடையாது. சாப்பிட்டது தங்கவில்லை. அம்மா ஓமத் தண்ணீர் கொடுத்தாள்; பையன் சந்தையில் எதையோ தின்றுவிட்டான் என்று அப்பா முடிவு கட்டினார். நான் எதையும் தின்னவில்லை என்பதுதான் சந்தையில் நடந்தது.

இன்னொரு பயமும் இருந்தது. வேறொருவர் துப்பாக்கியை வீட்டில் வைத்திருந்தால் ஜெயில் என்று பள்ளிக்கூடத்தில் ஒருவன் சொல்லியிருந்தான். வெளியே சொன்னால் அப்பா ஜெயிலுக்குப் போவார், சொல்லாவிட்டால் அப்பாவின் கை போகும். இந்தக் கணக்கைப் போட்டுப் போட்டு, நானே ஜெயிலுக்குப் போய் நானே கையை இழந்த மாதிரி படுத்துக் கிடந்தேன்.

பன்றிகள் காத்திருக்கவில்லை. கிழக்கோரத்தில் ஒரு பாத்தி முழுக்க உழுதுவிட்டுப் போயிருந்தன. செடி குப்புறக் கிடந்தது, காய் இருந்த இடத்தில் எச்சில் வழிந்த தோல். அப்பா அதைப் பார்த்துவிட்டு வந்து, முறத்திலிருந்து தோட்டாக்களை எடுத்துக் காதருகே ஆட்டிப் பார்த்து மடியில் கட்டிக்கொண்டார். "இன்னைக்கு ரெண்டு கொழாயிலயும் போட்டு வெக்கறேன்" என்று அம்மாவிடம் சொன்னார்.

பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வைக்கோல் போருக்குப் பக்கத்தில் கோணியைப் போட்டு உட்கார்ந்து, துப்பாக்கியைப் பிரித்து, கடைசியாக ஒரு தடவை துணியால் துடைத்தார். குழல் ஒரு பக்கம், பின்கட்டை ஒரு பக்கம், சீவிய முன்கட்டை அவர் இடது கையில். அந்த இடது கையை நான் பார்த்தேன். நகத்திடுக்கில் கொல்லை மண், மணிக்கட்டில் கறுப்புக் கயிறு, எல்லா விரலும் இருந்தன.

யோசித்துச் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். யோசனை என்பது என்னிடம் அப்போது இல்லை. குழலை அடிக்கொக்கியில் விரலை மாட்டித் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

அப்பா துரத்தி ஓடிவரவில்லை. அவர் எப்போதும் ஓட மாட்டார், நடந்து வருவார். அதுதான் பயங்கரம். வைக்கோல் போரைச் சுற்றினேன், மாட்டுக் கொட்டகையைச் சுற்றினேன். பின்னால் அவருடைய நடை அதே தாளத்தில் கேட்டுக்கொண்டே வந்தது. கிணற்றைச் சுற்றித் திரும்பும்போது சேற்றில் கால் வழுக்கி, விரலில் தொங்கிய குழல் துவைக்கிற கல்லில் மோதியது.

'டொப்.'

உடைந்த மண்சட்டியைத் தட்டின மாதிரி ஒரு சத்தம். அத்தோடு நின்றுவிட்டது.

பின்னால் நடையும் நின்றது. எழுந்திருக்க எனக்குத் தைரியமில்லை. சேற்றிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"இன்னொரு வாட்டி தட்டு" என்றார் அப்பா.

தட்டினேன். டொப். சமையலறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "இன்னாடா இது, மணி செத்துப்போச்சா?"

அப்பா குழலை என் கையிலிருந்து வாங்கி, வீட்டுக்குள் போய், தானே ஆணியில் தொங்கவிட்டு, தானே கரண்டிக் காம்பால் தட்டினார். கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே. எங்கே தட்டினாலும் அதே செத்த சத்தம். அந்த மணியைக் கேட்டே வளர்ந்தவர் அவர்; சின்ன வயதில் அவரும் அதைத் துடைத்தவர்தானே. மடியை அவிழ்த்துத் தோட்டாக்களை மாடத்தில் வைத்தார். நாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "சாப்புட்டுப் படு. காலையில விழுப்புரம் போறோம்" என்றார். அன்று காவலுக்கு யாரும் போகவில்லை. மறுநாள் கிழக்கோரம் மொத்தமும் காலி.

விழுப்புரத்தில் ஏட்டு எங்கள் கதையைக் கேட்டதும், அவர் முகத்தில் நான் என் முகத்தைப் பார்த்தேன். நம்மைப் போலவே ஒருவர் என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது. மறுபடியும் லைசென்ஸைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார். நம்பர் சரியாகத்தான் இருந்தது. அவர் செய்ததில் ஒரு குறையும் இல்லை. பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, அதே நாளில் கெடார்க்காரர் ஒருவரும் இதே ஜாடையில் ஒரு துப்பாக்கி வாங்கிப் போனதாகவும், அவரைப் போய்ப் பார்த்தால் தேவலை என்றும் சொன்னார். அதுவும் முன்கட்டை இல்லாமல் வந்ததாம். அப்பாவுக்கு அது ஓர் அடி. தன் யோசனை கெடார்வரை போயிருக்கிறதே என்று.

பஸ் பிடித்துக் கெடார் போனோம். கெடார்க்காரர் அப்பா வயதுதான். நிலைக்கு மேல் மாதா படம், களத்தில் கேப்பைக் கதிர். மரியாதையாக உட்கார வைத்தார். விஷயம் தெரிந்ததும் முகம் இறுகிவிட்டது.

"நம்பர் பாத்துதான் வாங்கிக்கினு வந்தேன். இப்ப வந்து மாத்திக் குடுங்கன்னா எப்படிங்க?"

"என்துலயும் நம்பர் சரியாத்தாங்க இருக்குது" என்றார் அப்பா.

இரண்டு பேரும் லைசென்ஸை எடுத்தார்கள். இரண்டு பேரும் கையை நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்துப் பார்த்தார்கள். இன்னும் கொஞ்சம் கை நீளம் இருந்திருந்தால் ஒருவர் லைசென்ஸ் மற்றவர் மூக்கில் பட்டிருக்கும். எனக்கு அப்போது சிரிப்பு வரவில்லை. அவர் உள்ளே போய் எடுத்துவந்த துப்பாக்கியில் என் கோழி இருந்தது. தொட்டுவிடும் தூரத்தில், முதுகில் தூசியோடு. இவர் தர மாட்டேன் என்றால், நாயோடும் அந்த மேட்டோடும்தான் வீடு திரும்ப வேண்டும். கொல்லையில் இன்னும் மல்லாட்டை இருந்தது. அப்பா சும்மா இருக்க மாட்டார்.

அப்பா துண்டிலிருந்து முன்கட்டையை எடுத்தார். "இது எங்க வூட்ல இருந்தது. உங்க கையில இருக்கறதுல போட்டுப் பாருங்க. கச்சிதமா உக்காரும்."

உட்கார்ந்தது. ஆனால் கடகடவென்று ஆடியது. சீவிய கட்டையல்லவா. அப்பாவின் முகம் போன போக்கை நான் பார்க்கவில்லை. பார்க்கப் பயந்து கேப்பைக் கதிரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கெடார்க்காரர் தன் முன்கட்டையைக் கொண்டுவந்து அதே துப்பாக்கியில் போட்டார். டக். கல் மாதிரி உட்கார்ந்தது. அதிலும் புதுச் சீவல் தெரிந்தது. அவர் வீட்டுக் கட்டையும் பனியில் ஊதியிருக்கிறது. ஆக இரண்டு புத்திசாலிகளும் தங்கள் தங்கள் கட்டையைச் சீவி, அடுத்தவர் துப்பாக்கிக்குக் கச்சிதமாக்கி வைத்திருந்தார்கள். இருந்த ஒரே சாட்சியையும் எங்கள் கையாலேயே பொய் சொல்லப் பழக்கியாயிற்று.

"இப்ப இன்னா சொல்றீங்க?" என்றார் கெடார்க்காரர்.

அப்பா தன் லைசென்ஸை மடித்து வைத்தார். எங்கள் கட்டையைத் திருப்பி, அதன் உட்பக்கத்து இரும்பை விரலால் தடவினார். பிறகு என் பக்கம் நீட்டினார்.

"இதுல ஏதோ நம்பர் வெட்டியிருக்குதுன்னு உங்க தாத்தா சொல்வாரு. கொழாய்க்கு அடியிலயும் அதே நம்பர் இருக்கும்னாரு. எனக்குத் தெரியல." நிறுத்தினார். "கண்ணுக்குத் தெரியலடா. நீ பாரு."

வீட்டில், அம்மாவிடம்கூட அவர் சொல்லாத வார்த்தை. முன்பின் தெரியாத ஒருவர் களத்தில் வைத்துச் சொன்னார். நான் வாங்கிப் பார்த்தேன். பயத்தில் எண்கள் நீந்தின. சின்னதாக, ஒரு பக்கம் தேய்ந்து, ஆனால் இருந்தன. படித்தேன். என் காதுக்கே கேட்கவில்லை.

"சத்தமாப் படியேன்" என்றது ஒரு குரல். கெடார்க்காரரின் மகள். விழுப்புரத்தில் சிஸ்டர்கள் நடத்துகிற பள்ளியில் படிக்கிறவளாம். என்னைவிடக் கொஞ்சம் உயரம். அப்பாவைக் கேட்காமலே கோழி இருந்த துப்பாக்கியின் குழலைக் கழற்றித் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நாலு, ஒண்ணு, எட்டு, ஏழு."

"நாலு, ஒண்ணு, எட்டு, ஏழு" என்றாள் அவள், குழலின் அடியைப் பார்த்து. பிறகு தங்கள் முன்கட்டையை எடுத்துப் பார்த்தாள். நான் கோணியில் இருந்த குழலைப் பார்த்தேன். அந்த இரண்டிலும் வேறோர் எண், இரண்டும் ஒன்று.

"அப்ப லைசென்ஸ் நம்பரு?" என்றார் அவள் அப்பா.

அவள் இரண்டு துப்பாக்கியிலும் தோட்டா போடுகிற பக்கத்தைப் பார்த்தாள். "அது ரெண்டுலயும் ஒண்ணுதான்பா. மேல பேட்டன்ட்னு போட்டிருக்குது பாருங்க. இருமல் மருந்து பாட்டில்ல போட்டிருக்குமே, அது."

கோலி சோடா பாட்டில் எல்லாவற்றிலும் ஒரே எழுத்து வார்த்திருக்குமே, அதே கதை. குழலைத் திறந்து மூடுகிற பூட்டைக் கண்டுபிடித்தவர் உரிமைக்கு வாங்கிய எண் அது. அந்த மாதிரித் துப்பாக்கி எல்லாவற்றிலும் இருக்கும். திறந்ததும் பளிச்சென்று கண்ணில் படுவது அதுதான் என்பதால், எங்கள் தாத்தாவும் கெடார்க்காரரும் லைசென்ஸ் மனுவில் அதையே எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். உண்மையான எண் அடியில் ஒளிந்திருந்தது.

"நான் அன்னைக்கே சொன்னேன்" என்றாள் அவள். "நம்ம நாயக் காணோம், கொக்கு வந்து உக்காந்துக்கினு இருக்குதுன்னு. வாய மூடுன்னீங்க."

"கொக்கு இல்ல, கோழி" என்றேன். அன்றைக்கு நான் பயப்படாமல் பேசிய வாக்கியம் அது ஒன்றுதான்.

கெடார்க்காரர் எங்களைக் கவனிக்கவில்லை. கோணியில் இருந்த குழலை எடுத்து வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்திருந்தார். கையை நீட்டத் தேவையில்லாத பார்வை அது. உடனே கீழே வைத்துவிட்டு, அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார்.

"எடது கொழாயில தோட்டா போட்டீங்களா?"

"போடறதுக்குள்ள இவன் தூக்கிக்கினு ஓடிட்டான்."

அவர் உட்கார்ந்துவிட்டார். அவருடைய தம்பி ஒரு தடவை இடது குழல்வாயில் சேறு அடைத்திருந்தது தெரியாமல் சுட்டுவிட்டானாம். அன்றைக்கு உப்பிக்கொண்டதுதான் அது. யாரிடமும் சொல்லாமல், வலது குழலை மட்டும் வைத்துக் காலம் ஓட்டிக்கொண்டிருந்தார். "எனக்குத் தெரியும்ங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க போட்டிருந்தா" என்று ஆரம்பித்து, முடிக்காமல், மகளிடம் இந்தப் பையனுக்கு ஏதாவது குடு என்றார். மோர் வந்தது. என் வயிற்றில் தங்கிய முதல் ஆகாரம்.

எங்கள் துப்பாக்கியை அவரே சுத்தமாகத் துடைத்து, கோணியில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார். கிளம்பும்போது அப்பா அவரிடம், "அந்த எடது பக்கத்த அடைச்சுடுங்க" என்றார். அவர், "கண்ணாடி ஒண்ணு வாங்கிக்கலாம்னு இருக்கேன்" என்றார். அப்பா கோணியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலப் பாசஞ்சரில் திரும்பினோம். கால்களுக்கு நடுவே துப்பாக்கி, உள்ளே சீவிய முன்கட்டை வண்டியின் ஆட்டத்துக்குக் கடகடவென்று ஆடிக்கொண்டு வந்தது. பிற்பாடு தோல் துண்டு வைத்துப் பார்த்தார், துணி வைத்துப் பார்த்தார். அது விற்றுப்போகும்வரை ஆடிக்கொண்டேதான் இருந்தது. மணி மட்டும் பழையபடி அடித்தது.

அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். விக்கிரவாண்டி தாண்டியாயிற்று. களத்தில் சொன்ன வார்த்தை எங்கள் நடுவில் மூன்றாவது ஆள் போல உட்கார்ந்திருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்கப் பயந்து தலையை வெளியே நீட்டினேன். உடனே என்ஜினிலிருந்து வந்த கரித்தூள் கண்ணில் விழுந்தது. தேய்க்கத் தேய்க்கக் கொட்டியது.

"மயிலம் வருது" என்றார் அப்பா. எங்கோ தூரத்தில் மஞ்சளாக ஒரு புள்ளி. "தோ, போர்டு. படி பாக்கலாம்."

நான் கண்ணைக் கசக்கிக்கொண்டு எதிரில் பார்த்தேன். தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. தெரியலப்பா என்றேன்.

அப்பா துண்டு முனையைச் சுருட்டி, என் இமையைப் பிரித்து, வாயால் ஊதினார். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். காலையிலிருந்து இல்லாத ஒரு சிரிப்பு அதில் வந்திருந்தது.

"இன்னாடா," என்றார், "உனக்குக் கண்ணு தெரியலயா?"